பூங்காவுக்குப் பெயர் தந்த தைலக்காரர்

தலைவலி வந்தால் நெற்றியில் தடவிக்கொள்கிறோமே, அந்த மஞ்சள் தைலம், அதற்கும் மயிலாப்பூரில் இருக்கும் ஒரு சின்னப் பூங்காவுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள் பார்க்கலாம்?

லஸ் சர்ச் சாலையில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவைத்தான் சொல்கிறேன். அந்த நாகேஸ்வர ராவ்தான் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தந்தவர்! 1893-ல் பம்பாயில் தொழிலைத் தொடங்கி, பிறகு சென்னைக்கு வந்தவர். சுதந்திரப் போராட்டத்திலும் இறங்கினார், ‘ஆந்திர பத்திரிகா’ என்ற தெலுங்கு இதழையும் நடத்தினார்.

இன்று அவர் பெயரில் இருக்கும் பூங்காவில் காலை விடிந்தாலே நடைப்பயிற்சிக் கூட்டம்தான். ஒரு பக்கம் ஷட்டில் ஆட்டம், இன்னொரு பக்கம் ஊஞ்சலுக்குச் சண்டை போடும் பிள்ளைகள். எல்லோருக்கும் குடை பிடிப்பவை பெரிய பெரிய மரங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது, இங்கே பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்துவரும் மைக் இல்லாத கச்சேரி. வளர்ந்துவரும் இளம் கலைஞர்கள் பாடுவார்கள். ஒலிபெருக்கி கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. மரத்தடிக் காற்றில் குரல் அப்படியே காதுக்கு வரும்.

மயிலாப்பூர்ப் பக்கம் போனால், கொஞ்ச நேரம் ஒதுக்கி இந்தப் பூங்காவுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள், நேயர்களே!