கேன் தண்ணீர் விலைக்கு வாங்கிய மௌனம்

சென்னையின் நடுத்தர வீடுகளில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பவர்கள் அரிது. கேன் வாங்குகிறார்கள், அல்லது ஆர்ஓ இயந்திரம் மாட்டுகிறார்கள். 1978இல் அமைக்கப்பட்ட குடிநீர் வாரியம் சுத்திகரித்துத்தான் தண்ணீரை அனுப்புகிறது. பெரும்பாலும் வழியில்தான் அது கெடுகிறது. நேரம் வைத்துத் திறந்து மூடும் குழாயில் அழுத்தம் இறங்கும்போது, விரிசல்கள் வழியே சாக்கடை உள்ளே கசியும். சம்ப் சீக்கிரம் நிரம்பட்டும் என்று அந்தக் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சினால் கசிவு இன்னும் கூடும். ஒரு வீட்டின் அவசரம் தெருவுக்கே கேடாகிறது.

பொதுச் சேவை மோசமானதால்தானே மக்கள் தனியாரிடம் போனார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் போன பிறகு நடப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில் நைஜீரிய ரயில்வேயை ஆராய்ந்தார். லாரிகளின் போட்டி வந்தும் ரயில்வே திருந்தவில்லை. தட்டிக்கேட்கக்கூடிய வாடிக்கையாளர்கள் லாரிக்கு மாறிவிட்டார்கள். நட்டத்தை அரசுக் கருவூலம் தாங்கியது. சென்னையிலும் இதுவே நடக்கிறது. குடிநீர் வரி வீட்டின் ஆண்டு மதிப்பை வைத்து வசூலாகிறது. நீங்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்காவிட்டாலும் வாரியத்துக்கு வருமானம் குறையாது. புகார் மட்டும் குறையும். அதிகாரியைப் போனில் பிடிக்கவும் பத்திரிகைக்கு எழுதவும் தெரிந்தவர்கள் கேனுக்குப் போய்விட்டால், தெருக்குழாயில் குடம் வைத்து நிற்பவர்களுக்காகப் பேச யார் மிச்சம்?

தனியார் இருந்தால் நெருக்கடியில் கைகொடுப்பார்கள் என்பதும் அரைகுறை உண்மையே. கேன் நிறுவனங்களும் டேங்கர் லாரிகளும் பெரும்பாலும் நம்பியிருப்பது நகரைச் சுற்றியுள்ள கிராமங்களின் நிலத்தடி நீரை. உரிமமின்றி நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூட 2020 தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, உற்பத்தியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நகரம் கேனுக்குத் திண்டாடியது. அதற்கு முந்தைய ஆண்டு பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்ட கோடையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தது அரசுதான்.

இருபத்து நான்கு மணி நேரமும் குடிக்கத்தக்க தண்ணீர் நம் நாட்டில் நடக்காத காரியம் என்பார்கள். ஒடிசாவின் புரி நகரம் 2021 ஜூலையில் அதைத் தொடங்கியது. சென்னையோடு ஒப்பிட்டால் சிறிய ஊர்தான். அதனால் என்ன? ஒரே நாளில் மாநகரம் முழுவதும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வட்டத்தில் தொடங்கலாம்: பழைய குழாய்களை மாற்றி, மீட்டர் வைத்து, அழுத்தம் இறங்காமல் ஓடவிட்டு, தெருவாரியாகத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளை வாரந்தோறும் வெளியிடலாம். கேனுக்கு மாதந்தோறும் பணம் கொடுக்கும் வீடுகள்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.