ஏ.சி ரூம் கிடக்கட்டும்... உங்க குட்டி போற பிளே ஸ்கூல்ல இதையெல்லாம் பார்த்தீங்களா?

மே மாசம் வந்தா போதும். சேலம் அஞ்சு ரோட்டுல ஆரம்பிச்சு நாமக்கல் பரமத்தி ரோடு வரைக்கும் எங்கே திரும்பினாலும் ஃபிளக்ஸ்தான். ஸ்மார்ட் கிளாஸ், ஏ.சி ரூம், ஃபோனிக்ஸ், அபாகஸ்... எல்லாம் யாருக்குன்னு பார்த்தா, இன்னும் டயப்பரை முழுசா விடாத ரெண்டரை வயசுப் பசங்களுக்கு! பிளஸ் டூ மார்க்குக்கும் கோச்சிங்குக்கும் பேர்போன ஏரியா இது. அந்த அவசரம் படிப்படியா இறங்கி இப்போ தொட்டில் பக்கத்துல வந்து நிக்குது.

உங்க குழந்தைக்கோ, அக்கா பொண்ணுக்கோ அட்மிஷன் தேடுறீங்கன்னா, போர்டை விட்டுட்டு உள்ளே போங்க. முதல் வேலை, பெரியவங்க எத்தனை பேர்னு எண்ணுங்க. 2013-ல மத்திய அரசு கொண்டுவந்த முன்பருவக் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கையில கணக்கு தெளிவா இருக்கு. 3 முதல் 6 வயசு வரை 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர். மூணு வயசுக்குக் கீழேன்னா 10 குழந்தைகளுக்கு ஒருத்தர். 30 குழந்தைகளுக்குக் குறைஞ்சது 35 சதுர மீட்டர் ரூம், அதாவது சுமார் 375 சதுர அடி. வெளியே விளையாட தனியா 30 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு மூணுல இருந்து நாலு மணி நேரம் போதும்னும் சொல்லுது. வீட்டு ஹால் ஒண்ணுல 40 குழந்தைங்களை உட்கார வெச்சிருந்தா, சுவத்துல எத்தனை சோட்டா பீம் வரைஞ்சிருந்தாலும் அது நல்ல இடம் இல்லை. தனியார் பிளே ஸ்கூல்களுக்குன்னே தமிழ்நாட்டுல 2015-ல தனி விதிமுறை வந்துடுச்சு. அனுமதி வாங்கியிருக்காங்களான்னு கேட்கிறதுக்குத் தயங்கவே வேணாம்.

அடுத்தது, நோட்டு. "எங்க ஸ்கூல்ல மூணு மாசத்துல ஏ டு இசட் எழுதிடுவாங்க"ன்னு யாராவது பெருமையா சொன்னா கொஞ்சம் உஷாராகுங்க. மணிக்கட்டுல மொத்தம் எட்டு சின்ன எலும்புகள் இருக்கு. மூணு வயசுல அதுல ரெண்டு, மூணுதான் எலும்பா மாறியிருக்கும். மிச்சமெல்லாம் குருத்தெலும்பு. அந்தக் கைக்குப் பென்சிலைவிட களிமண்ணும், மணலும், பாசிமணி கோக்கிறதும்தான் சரியான வேலை. கூழாங்கல்லைப் பொறுக்கி பெருசு, சிறுசுன்னு பிரிக்கிற குழந்தை கணக்குதான் படிச்சிட்டு இருக்கு. ஆனா அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட முடியாது, 'ஏ ஃபார் ஆப்பிள்' ஒப்பிச்சா போடலாம். பிரச்னையே அங்கேதான்.

'மான்டிசோரி'ன்னு போர்டுல பார்த்ததும் மயங்குறவங்களுக்கு ஒரு ஃபிளாஷ்பேக். மரியா மான்டிசோரி தன்னோட முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 ஜனவரியில ரோம் நகரத்தோட சான் லொரென்ஸோங்கிற ஏழைங்க குடியிருப்புல தொடங்கினாங்க. அப்பா, அம்மா வேலைக்குப் போனதும் சும்மா சுத்திட்டு இருந்த தொழிலாளர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக. 1939-ல அவங்க சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. ரெண்டாம் உலகப்போர் வந்ததால இந்தியாவுலயே சில வருஷம் தங்கினாங்க, கொடைக்கானல்லயும் இருந்திருக்காங்க. கூலித் தொழிலாளி பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, இன்னிக்கு அதிக ஃபீஸுக்கான அடையாளமாகிடுச்சு. இன்னொண்ணு, அந்தப் பேரை யார் வேணும்னாலும் வெச்சுக்கலாம், தடை கிடையாது. அதனால போர்டைப் பார்க்காதீங்க, டீச்சர் எங்கே பயிற்சி எடுத்தாங்கன்னு கேளுங்க.

இப்போ நம்ம தெருமுனை அங்கன்வாடிக்கு வருவோம். "அது சோறு போடுற இடம்தானே"ன்னு ஒதுக்குறவங்க அதிகம். ஐ.சி.டி.எஸ் திட்டம் நாடு முழுக்கத் தொடங்கினது 1975 அக்டோபர் 2. தமிழ்நாட்டுல 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தை ஆரம்பிச்சப்போ, பள்ளிக்கூடப் பிள்ளைகளோட ரெண்டு வயசுல இருந்து உள்ள குட்டிகளையும் சேர்த்தாங்க. அந்தத் தட்டுல பிறகு முட்டை வந்துச்சு. முட்டைன்னா எந்த ஊர்னு உங்களுக்குச் சொல்லணுமா என்ன? நாமக்கல் பண்ணை முட்டைக்கும் தமிழ்நாட்டுக் குழந்தைங்க தட்டுக்கும் உள்ள உறவு ரொம்ப நெருக்கமானது.

சோறு மட்டும் இல்லை. அங்கே மாசாமாசம் எடை, உயரம் பார்க்கிறாங்க. புஜத்துல ஒரு டேப் சுத்துவாங்க பாருங்க, அதுல 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போய் சிவப்பு காட்டினா, அஞ்சு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கடுமையான சத்துக்குறைவுன்னு அர்த்தம். உடனே டாக்டரைப் பார்க்கணும். ஆயிரக்கணக்குல ஃபீஸ் கட்டுற எத்தனை பிளே ஸ்கூல்ல இதைப் பார்க்கிறாங்க? கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற அம்மாக்கள், ஆறு மாசக் குழந்தைக்கான சத்துமாவுன்னு குடும்பத்தையே சேர்த்துப் பார்க்கிற அமைப்பு அது. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'ன்னு பாட்டு, கதை, விளையாட்டோட ஒரு பாடத்திட்டமும் இருக்கு.

குறையும் இருக்கு, மறைக்க வேணாம். ஒரே பணியாளர் கூடுதல் பொறுப்புல ரெண்டு மையத்தைப் பார்க்கிற இடம் உண்டு. பதிவேடு, மொபைல் ஆப்னு அவங்க நேரம் போயிட்டா, பாட்டுக்கும் கதைக்கும் என்ன மிஞ்சும்? ஒரு மையம் நல்லா நடக்குதான்னு தெரியணும்னா, பதினோரு மணி வாக்குல சொல்லாமப் போய்ப் பாருங்க. குழந்தைங்க பேசிட்டு இருக்காங்களா, கைகட்டி உட்கார்ந்திருக்காங்களா? அழுற குழந்தையை யாராவது தூக்குறாங்களா? டாய்லெட் குட்டி சைஸ்ல, தண்ணியோட இருக்கா? சமையல் அடுப்பு எங்கே இருக்கு? இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமா நினைக்காதீங்க. 2004 ஜூலை 16-ல கும்பகோணத்துல பள்ளி சமையல் கூடத்துல பிடிச்ச தீ, கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோச்சு. வெளியேற ரெண்டு வழி இருக்கான்னு பார்த்துட்டுதான் ஃபீஸ் கட்டுங்க.

குடும்பத்தை வாசலோட நிறுத்துற பிளே ஸ்கூல் நிறைய. அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல, இப்சிலான்டி ஊர்ல 1962-ல பெர்ரி ப்ரீஸ்கூல்னு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள்ல இருந்து 123 குழந்தைங்க. ஒரு பகுதிப் பேருக்கு ப்ரீஸ்கூல், மத்தவங்களுக்கு இல்லை. டீச்சர் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அம்மாவோட உட்கார்ந்து பேசினாங்க. ஐ.க்யூ வித்தியாசம் சில வருஷத்துல மறைஞ்சுபோச்சு. ஆனா 40 வயசு வரைக்கும் பின்தொடர்ந்து பார்த்தப்போ, ப்ரீஸ்கூல் போனவங்களுக்கு வருமானம் கூட, போலீஸ் கேஸ் கம்மி. மார்க்ல தெரியாத ஏதோ ஒண்ணு உள்ளே தங்கியிருக்கு.

மொழியும் அப்படித்தான். சேலத்துல வீட்டுல தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசுற குடும்பங்கள் எத்தனை! கோழிப்பண்ணைகள்ல வேலை பார்க்க வந்த வடமாநிலக் குடும்பங்களோட குழந்தைக்குத் தமிழே புதுசு. 'இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும்'னு ரூல் போட்டா, மூணு வயசுல அந்தக் குழந்தை வாயையே மூடிக்கும். வீட்டு மொழியில "தண்ணி வேணும்"னு கேட்க முடியிற இடமா இருக்கணும்.

இதெல்லாம் இருந்தும் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிக்குப் போற ஒரு அம்மாவுக்கு மணிதான் பிரச்னை. மையம் சாயங்காலமே மூடிடும், ஷிப்ட் முடியாது. 30 பெண்களுக்கு மேல வேலை பார்க்கிற தொழிற்சாலையில ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைங்களுக்குக் காப்பகம் வேணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டம் சொல்லிட்டு இருந்துச்சு. 50 பேருக்கு மேல இருக்கிற நிறுவனங்களுக்கு 2017-ல மகப்பேறு சட்டத்திருத்தமும் அதையே சொல்லுச்சு, அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம். ஆனா பத்துத் தறி ஓடுற ஷெட்டுக்கும், வீட்டுத் திண்ணையில கொலுசு பத்த வைக்கிற சேலத்து வெள்ளிப் பட்டறைக்கும் இந்த எண்ணிக்கை வரவே வராது. தறிச் சத்தத்துக்கு நடுவுல தூளி கட்டித் தூங்கவைக்கிறதுதான் அங்கே காப்பகம். அங்கன்வாடியோட காப்பகத்தையும் சேர்த்து நாள் முழுக்க நடத்துற 'பால்னா' திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்திருக்கு. உங்க ஊர்ல அது வேணும்னா அடுத்த கிராமசபையில எழுந்து கேட்கலாம். மனுவுல எத்தனை குழந்தைங்க, அம்மா எத்தனை மணிக்கு வேலை முடிச்சு வர்றாங்கன்னு ரெண்டையும் எழுதிக் கொடுங்க.