‘டிக்’ என்றதும் ஒரு பொறி

கேஸ் அடுப்பின் குமிழைத் திருகினால் ‘டிக்’. பேட்டரி இல்லாமலே பொறி! உள்ளே ஸ்பிரிங் விசையில் ஒரு குட்டிச் சுத்தி பீசோ பீங்கான் துண்டை அடிக்கிறது. அந்த அழுத்தமே மின்சாரமாகிறது. கியூரி சகோதரர்கள் 1880இல் படிகங்களில் கண்டறிந்த விளைவு இது.

மகளின் அறிவியல் செயல்திட்டத்துக்காக ஒன்று வாங்கினேன். அட்டையில் அச்சிட்ட வோல்ட் கணக்கை நான் நம்புவதில்லை. கம்பி முனையை உலோகத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி வைத்துக் கடையிலேயே அழுத்திப் பார்த்தேன். பொறி தாண்டியது. ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்டவே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டுமே!

ஓர் அழுத்துக்கு ஒரே பொறிதான். விடாமல் பொறி வேண்டுமென்றால் பேட்டரி வகை வாங்குங்கள். ஆர்டுயினோ பலகைப் பக்கம் இதைக் கொண்டுபோக வேண்டாம், சிப் போய்விடும். நெயில் பாலிஷ் ரிமூவர், ஸ்பிரே எதுவும் அருகில் இருக்கக்கூடாது. அந்தப் பீங்கானில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். பிள்ளைகளை உடைத்துப் பார்க்க விடாதீர்கள்.