கை சூம்புவது ஏன்? ‘மெட்ராஸ்’ பேரில் ஒரு நரம்பு நோய்!

பெரிய கடை வீதியில் கடை சாத்துகிற நேரம். பூட்டில் சாவி திரும்பவில்லை என்றால் யாரும் பூட்டைத்தான் திட்டுவார்கள். மறுநாள் சட்டைப் பித்தானும் போட முடியவில்லை. “கையில பிடிப்பே இல்லைங்க” என்கிறார் கடைக்காரர். “நல்லெண்ணெய் தேச்சு வெந்நீர் ஊத்து, சரியாப்போயிடும்” என்கிறது வீடு.

கோளாறு கையில்தானா?

கண்டக்டர், டிரைவர்!

ஸ்ரீரங்கத்தில் 1-ம் நம்பர் பஸ் கிளம்புவதைப் பாருங்கள். கண்டக்டர் விசில் ஊதுகிறார். டிரைவர் கியர் போடுகிறார். என்ஜின் உறுமுகிறது. வண்டி காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் நிலையம் வந்து சேருகிறது.

கை, கால் அசைவதும் இதே கதைதான். மூளையில் உள்ள ஒரு வகை நரம்பு செல் கண்டக்டர். “கையைத் தூக்கு” என்று விசில் கொடுப்பது அதுதான். உத்தரவு தண்டுவடத்துக்குள் இறங்குகிறது. வழியில் பெரும்பாலான இழைகள் பக்கம் மாறிக்கொள்கின்றன. இடது கையை வலது மூளை ஆட்டுவது இதனால்தான்.

தண்டுவடத்தில் காத்திருக்கும் இன்னொரு செல், டிரைவர். அதன் இழை தசை வரை ஓடுகிறது. பாதத்துக்குப் போகும் இழை சுமார் 1 மீட்டர் நீளம்! இழையின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரந்ததும் தசை சுருங்குகிறது. தசைதான் என்ஜின்.

டிரைவர் செல் செத்தால் என்ஜின் நன்றாக இருந்தும் வண்டி நகராது. நின்ற வண்டி துருப்பிடிப்பதுபோல தசை சூம்புகிறது. தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல துடிப்பு தெரியும். கண்டக்டர் செல் செத்தால் வேறு மாதிரி. கால் விறைத்துக்கொள்ளும். முழங்காலில் லேசாகத் தட்டினாலே வெடுக்கென்று உதைக்கும்.

இளம்பிள்ளை வாதக் கிருமி அழித்தது டிரைவர் செல்களைத்தான். அதனால்தான் கால் சூம்பியவருக்கும் கிள்ளினால் வலிக்கும். உணர்ச்சி நரம்பு வேறு வழியில் போகிறது. இயற்கையான போலியோ கிருமி 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் எந்தக் குழந்தையையும் தாக்கவில்லை.

1970-ல் வந்த சேதி

போலியோ போனாலும் இந்த செல்களைத் தின்னும் வேறு நோய்கள் இருக்கின்றன. உலகம் பெரிதும் அறிந்தது, இரண்டு வகை செல்களையும் அழிக்கும் நோய். பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வருகிறது. பலரை 3 முதல் 5 வருஷத்துக்குள் கொண்டுபோய்விடும். 21 வயதில் நோய் கண்டு 76 வயது வரை வாழ்ந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் அபூர்வ விதிவிலக்கு. ரிலுசோல் என்ற மருந்து நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். குணப்படுத்தாது.

ஆனால் சென்னை டாக்டர்கள் பார்த்தது வேறு. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் 1970-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். (இந்த ராமமூர்த்தி திருச்சியில் பள்ளிக்கூடம் படித்தவர்!) அவர்கள் கண்ட நோயாளிகள் பலர் வாலிப வயதினர். கை, கால் மெலிந்தது. முகம் தளர்ந்தது, நாக்கு குழறியது. சிலருக்குக் காதும் மந்தம்! ஆனால் நோய் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. பல வருஷம் கழித்தும் நடமாடியவர்கள் உண்டு.

‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்ற பேர் உலக மருத்துவ நூல்களில் ஏறிவிட்டது. 1996-ல் ஊர் பேர் சென்னை ஆனது. நோயின் பேர் மாறவில்லை. பெரும்பாலும் தென்னிந்தியாவில்தான் காணப்படுகிறது. காரணம் மட்டும் பிடிபடவில்லை.

நாள் எண்ணாதீங்க!

இருபது வயதுப் பையனுக்கு ‘மோட்டார் நியூரான்’ என்று சீட்டில் எழுதினால் வீடே இடிந்துபோகும். அது மெதுவான மெட்ராஸ் வகையாகவும் இருக்கலாம். அந்த நோயே இல்லாமலும் இருக்கலாம். கழுத்து எலும்பு நரம்பை அழுத்தினாலும் கை சூம்பும். அதற்கு சிகிச்சை உண்டு. தொழுநோயிலும் சூம்பும், ஆனால் அதில் தோல் மரத்துப்போகும், மருந்தும் உண்டு. தசையில் மெல்லிய ஊசி செருகி மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனையும் ஸ்கேனும் இவற்றைப் பிரித்துக் காட்ட உதவும்.

நரம்பு டாக்டரிடம் போகும்போது காது சேதியையும் சொல்ல வேண்டும். “கைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று விட்டுவிடக்கூடாது. அவர் தேடும் துப்பே அதுவாக இருக்கலாம்.