உச்சிக்கு மேலே இடமில்லை

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கும். குன்னூரைத் தாண்டியதும் பையில் ஸ்வெட்டரைத் தேடுவோம். பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறைகிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் மலைக்காட்டின் சிக்கல் விளங்கும். ஊர் 1 டிகிரி சூடானால், பழகிய குளிர்ச்சியை விடாமல் இருக்க ஓர் உயிரினம் ஏறத்தாழ 160 மீட்டர் மேலே போக வேண்டும்.

1 டிகிரியைப் பொறுத்துக்கொள்ள முடியாதா? குளிர்நாட்டு மரம் ஒரே ஆண்டில் உறைபனியையும் கோடையையும் பார்த்துவிடுகிறது. வெப்பமண்டல மலைக்காட்டுக்குள் ஆண்டு முழுதும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அங்குள்ளவை குறுகிய எல்லைக்குள் வாழப் பழகியவை. ஒரே உயரமுள்ள மலை குளிர்நாட்டு உயிரினத்தைவிட வெப்பமண்டல உயிரினத்துக்குப் பெரிய தடை என்று 1967-இல் சூழலியலாளர் டேனியல் ஜான்சென் எழுதியதும் இதை வைத்துத்தான்.

பெரு நாட்டில் பாண்டியகோய்யா என்றொரு மலை இருக்கிறது; உயரம் சுமார் 1,400 மீட்டர். 1985-இல் அதன் சரிவில் எந்த உயரத்தில் எந்தப் பறவை இருக்கிறது என்று குறித்துவைத்தார்கள். 2017-இல் அதே சரிவில் மீண்டும் கணக்கெடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கூடிய வெப்பம் அரை டிகிரிகூட இல்லை. ஆனாலும் பெரும்பாலான இனங்கள் மேலே நகர்ந்திருந்தன. அடிவாரப் பறவைகளுக்கு இது லாபம்; இடம் கூடியது. உச்சிப் பறவைகளுக்கோ ஏறுவதற்கு மலை மிச்சமில்லை. முன்பு அங்கே சாதாரணமாகத் தென்பட்ட சில இனங்கள் இரண்டாம் கணக்கில் சிக்கவே இல்லை.

பறவைக்குச் சிறகுண்டு, மரம் விதை வழியாகத்தான் நகர முடியும். பெருவின் ஆண்டிஸ் சரிவுகளில் ஆய்வு செய்தபோது, மரக்கூட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 2.5 முதல் 3.5 மீட்டர் மேலேறுவது தெரிந்தது. சூடாகும் வேகத்துக்கு இது போதாது. மரங்கள் பின்தங்கினால், அவற்றின் கனியையும் நிழலையும் நம்பியவையும் தவிக்கும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளும் இதே நிலையில் இருப்பவைதான். மேலே போகப் போக மலை குறுகும், வாழிடமும் குறையும். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. ஏறும் வழியிலும் தேயிலைத் தோட்டமும் சீகை மரக்காடும் குறுக்கிட்டுச் சோலையைத் துண்டுதுண்டாக்கியிருக்கின்றன.

பக்கத்து மலைக்குத் தாவலாமே என்றால், நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள வெக்கை நிலம். அதற்கு வடக்கே நீலகிரி சோலைக்கிளி, தெற்கே வெண்வயிற்றுச் சோலைக்கிளி. பேரில் கிளி இருந்தாலும் இவை சின்னஞ்சிறு நீலப் பறவைகள். இரண்டும் தனித்தனி இனங்களாகப் பிரிந்து நிற்பதே, கணவாயைக் கடப்பது இவற்றுக்கு எவ்வளவு அரிது என்பதைச் சொல்லிவிடும்.

வெப்பத்தை ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு தடுக்க முடியாது. ஆனால் அடிவாரத்திலிருந்து உச்சிவரை காடு அறுபடாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். படி உடையாமல் இருந்தால்தானே ஏற முடியும்!