குப்பை மலைக்குக் காவல்!

குட்டீஸ், ஒரு குப்பைக் கிடங்கை இழுத்து மூடிவிட்டால் வேலை முடிந்ததா? "மண்ணைப் போட்டு மூடியாச்சு, இனி அங்கே யாருக்கு என்ன வேலை?" என்றுதானே நினைக்கிறீர்கள்? வாருங்கள், அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துக்கு ஒரு நடை போய் வரலாம்!

நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் 'ஃபிரெஷ் கில்ஸ்' என்று ஓர் இடம். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள்! டச்சு மொழியில் 'கில்' என்றால் நீரோடை. ஓடையும் சதுப்பு நிலமுமாக இருந்த அந்த இடத்தில் 1948-ல் குப்பை கொட்டத் தொடங்கினார்கள். கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். நடந்ததோ 53 வருடங்கள்! 1980-களில் ஒரே நாளில் 29 ஆயிரம் டன் வரை வந்து இறங்கியது. லாரிக்கு 10 டன் என்று கணக்குப் போட்டால், 2,900 லாரிகள்! மொத்தம் சுமார் 15 கோடி டன் குப்பை, நான்கு குன்றுகளாக எழுந்து நின்றது.

2001 மார்ச் மாதம் கிடங்கை மூடினார்கள். (அதே வருடம் செப்டம்பர் 11 தாக்குதலில் சரிந்த இரட்டைக் கோபுரங்களின் இடிபாடுகளைச் சலித்துத் தேடுவதற்காக, சில மாதங்கள் மீண்டும் திறந்தார்கள்.) நீங்கள் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். ஆனால், அந்தக் குப்பை இன்னமும் சும்மா இருக்கவில்லை!

காற்றுப் புகாத இருட்டில் பாக்டீரியாக்கள் குப்பையைத் தின்கின்றன. அப்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. இது தீப்பிடிக்கும் வாயு. மண்ணுக்குள்ளேயே நகர்ந்து பக்கத்து வீட்டின் அடித்தளத்தில் சேர்ந்துவிட்டால் வெடிக்கவும் செய்யும்.

இன்னொரு வில்லன், தண்ணீர். வடிகட்டியில் இருக்கும் டீத்தூள் மேல் வெந்நீரை ஊற்றினால் சாறு இறங்குகிறதல்லவா? அதுபோல, மழைநீர் குப்பைக்குள் புகுந்தால் கரிய விஷச் சாறு கீழே இறங்கும். அது நிலத்தடி நீரில் கலந்தால் ஆபத்து.

அதனால்தான் குன்றுகளுக்குக் கெட்டியான சட்டை மாட்டினார்கள். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் மழைநீர் வடிய ஓர் அடுக்கு, அப்புறம் கனமான மண், உச்சியில் புல். உள்ளே ஊறும் சாற்றைக் குழாய் வழியாகச் சேர்த்து, அங்கேயே உள்ள நிலையத்தில் சுத்திகரிக்கிறார்கள். மீத்தேனையும் கிணறு போட்டு உறிஞ்சினார்கள். சுத்தப்படுத்திய அந்த வாயு பல வருடங்கள் தீவின் வீடுகளுக்குப் போய் அடுப்பெரித்தது. நேற்றைய குப்பையில் இன்றைய சமையல்!

சட்டை மாட்டியதும் விட்டுவிட முடியாது. குப்பை மக்க மக்க, குன்று ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் அமுங்கும். பள்ளத்தில் மழைநீர் தேங்கும், மூடியில் விரிசல் விழலாம். ஆகவே கிடங்கு ஊழியர்கள் குன்றின் மேல் நடந்து நடந்து பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் புல் கருகிக் கிடந்தால், "அடடா, வாயு கசிகிறதோ?" என்று சந்தேகம் வரும். எலி வளை தோண்டினால்கூட விசாரணைதான்!

கிடங்கைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகளும் உண்டு. நிலத்தடி நீர் குப்பையை நோக்கி வரும் பக்கத்தில் ஒரு மாதிரி, அதைத் தாண்டிப் போகும் பக்கத்தில் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிடுவார்கள். போகும் பக்கத்து நீர் மட்டும் கெட்டிருந்தால், திருடன் யார் என்று தெரிந்துவிடும்!

இதெல்லாம் எத்தனை நாளைக்கு? அமெரிக்கச் சட்டப்படி, மூடியபின் வழக்கமாக 30 வருடம். ஆபத்து தீரவில்லை என்றால் இன்னும் நீட்டிக்கலாம். மூடிய பிறகும் ஒரு தலைமுறைக்குச் சம்பளம், சோதனை, மின்சாரம் என்று செலவு செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இப்போது அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூங்காவாக மாறி வருகிறது. ஓரங்களில் விளையாட்டுத் திடல்கள் முன்பே வந்துவிட்டன. 2023 அக்டோபரில் உட்பகுதியில் 21 ஏக்கரைத் திறந்தார்கள். மொத்தமோ 2,200 ஏக்கர்! புல்வெளியில் 'கிராஸ்ஹாப்பர் ஸ்பேரோ' என்ற சின்னக் குருவி கூடு கட்டுகிறது. அதே புல்லுக்கு நடுவே ஆங்காங்கே குழாய்கள் தலைநீட்டிக்கொண்டு நிற்கின்றன, கீழே என்ன நடக்கிறது என்று சொல்ல!