மூச்சு தயார், கால் தயாரா?

ஓடுகிறவர்களுக்கு ஏன் காயம் வருகிறது என்று ஆராய்கிறவர்களிடையே கருத்து வேறுபாட்டுக்குக் குறைவில்லை. எந்த ஷூ நல்லது, குதிகாலை முதலில் ஊன்றுவதா முன்பாதத்தையா, ஓடும் முன் தசைகளை இழுத்து விடுவதால் பயன் உண்டா என்று எதைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒன்றில் மட்டும் ஆய்வுக்கு ஆய்வு அதே முடிவு திரும்பத் திரும்ப எழுகிறது: இனி காயம்பட அதிக வாய்ப்புள்ளவர், ஏற்கெனவே காயம்பட்டவர். இதைத் தலைவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய காயம் உடம்பில் விட்டுப்போன பலவீனம் ஒரு பங்கு என்றால், அந்தக் காயத்திலிருந்து நாம் திரும்பி வந்த விதம் இன்னொரு பங்கு. இரண்டாவது பங்கு நம் கையில் இருக்கிறது. ஆறு வாரம் பொறுத்திருந்துவிட்டு, ஏழாவது வாரத்தில் ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்காத கதையாகப் பழைய தூரத்துக்கே ஓடிவிடுகிறோம். அந்த அவசரத்துக்கு அனுமதி கொடுப்பவை இரண்டு: மூச்சு வாங்கவில்லை என்ற நம்பிக்கை, போட்டி நெருங்குகிறது என்ற காலண்டர். இரண்டுமே தவறான அளவுகோல்கள். உடம்பில் மிக மெதுவாக மாறுவது எதுவோ, திரும்பி வரும் வேகத்தை அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

முந்துவதும் பிந்துவதும்

மூச்சிலிருந்து தொடங்குவோம். எட்வர்ட் காயில் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளரும் சகாக்களும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. நன்றாகப் பயிற்சி பெற்ற ஏழு பேரைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தார்கள். உழைப்பின் உச்சத்தில் உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு மூன்று வாரத்தில் 7 சதவீதமும், 12 வாரத்தில் 16 சதவீதமும் குறைந்தது. தொடக்கச் சரிவுக்குப் பெரிய காரணம் ரத்தத்தின் மொத்த அளவு சுருங்குவது. சீக்கிரம் சுருங்குகிற இது, பயிற்சி தொடங்கியதும் சீக்கிரமே கூடியும்விடும். 1966-ல் டாலஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து நடந்த சோதனை இதைவிடக் கடுமையானது. அவர்கள் இதயத் திறன் படுமோசமாக விழுந்தது. ஆனாலும் எட்டு வாரப் பயிற்சியில் பழைய நிலையைத் தாண்டியே வந்துவிட்டார்கள். ஆக, இதயமும் நுரையீரலும் ரத்தமும் வாரக் கணக்கில் திரும்பி வருகின்றன. அதிலும் ஓட்டத்தை விட்ட நாட்களில் சைக்கிள் மிதித்தவர், நீச்சல் அடித்தவர் என்றால் மூச்சில் பெரிதாக எதையும் இழந்திருக்கவே மாட்டார். அவருக்குத்தான் ஆபத்து அதிகம். இன்னும் ஐந்து கிலோமீட்டர் போகலாம் என்று மூச்சு சொல்லும். அதைச் சுமக்கும் கால் அதற்குத் தயாராகியிருக்காது.

எலும்பு வேறு ரகம். நீண்ட அணிவகுப்புகளுக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர் 1855-லேயே எழுதிவைத்தார். அது எலும்பில் விழுந்த விரிசல் என்பது, 1895-ல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் உறுதியானது. யாரும் அடிக்கவில்லை, எங்கும் விழவில்லை. நடந்து நடந்தே எலும்பு விரிசல் கண்டிருந்தது. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் நூலாகவே எழுதினார். அந்த மாற்றம் நடக்கும் வரிசையில்தான் சிக்கல் இருக்கிறது. எலும்பு முதலில் பழையதை இடிக்கிறது, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. இடிக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டிக் கெட்டிப்பட மாதங்கள் ஆகும். அதனால் பயிற்சி தொடங்கிச் சில வாரங்கள் ஆனபின், மூச்சு நன்றாகத் தேறி உற்சாகம் பொங்கும் அதே நேரத்தில், வேலை நடக்கும் இடங்களில் எலும்பு தற்காலிகமாக முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது.

தசைநாண்களும் அவசரப்படுபவை அல்ல. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டிவைத்திருக்கும் அக்கிலிஸ் நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, புதுப்பித்துக்கொள்வதும் மெதுவாகவே. கடும் பயிற்சிக்குப் பின் நாணுக்குள் நார்ப் புரதம் உடைவதும் உருவாவதும் இரண்டுமே கூடுகின்றன. ஏறக்குறைய முதல் ஒன்றரை நாள் உடைவதே மேலோங்கி நிற்கிறது. வரவு செலவை முந்துவது அதற்குப் பிறகுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. இந்த நாண் தாங்கும் பாரத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓடும்போது தரை நம்மைத் திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. அக்கிலிஸ் நாண் மீது விழும் இழுப்போ ஆறு முதல் எட்டு மடங்கு. 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 400 முதல் 500 கிலோ. நிமிடத்துக்கு 170 அடி, கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று வைத்தால், 5 கிலோமீட்டரில் ஒவ்வொரு காலும் இந்தச் சுமையை சுமார் 2,750 முறை வாங்குகிறது. மூச்சுக்கு அது அரை மணி நேர வேலை. நாணுக்கு அது 2,750 தனித்தனி இழுப்பு.

வலிக்குக் காது கொடுப்பது

அப்படியானால் வலி முழுசாகப் போகும்வரை படுத்தே இருந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதும் பெரும்பாலும் அதுதான், அக்கறையில் சொல்வதுதான். ஆனால் சான்றுகள் அதற்கு எதிராக இருக்கின்றன. டாலஸ் சோதனையில் கலந்துகொண்ட அதே ஐந்து பேரை 30 ஆண்டுகள் கழித்து மறுபடி சோதித்தார்கள். 30 வருட முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகமாக இருந்தது. காயம்பட்ட பகுதிக்கும் இதே நியாயம்தான். ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் ஹோக்கன் ஆல்ஃபிரட்சன் 1998-ல் நாள்பட்ட அக்கிலிஸ் வலி கொண்ட 15 ஓட்டக்காரர்களை ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியை, 15 முறை கொண்ட மூன்று சுற்றுகளாக, தினமும் இரண்டு வேளை, 12 வாரம் செய்ய வைத்தார். 15 பேருமே பழையபடி ஓடத் தொடங்கினார்கள். நாணுக்கு மருந்து சுமைதான். எவ்வளவு, எப்போது என்பதில்தான் வைத்தியம் இருக்கிறது.

அந்த அளவை எப்படித் தெரிந்துகொள்வது? 2007-ல் வெளியான இன்னொரு ஸ்வீடன் ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. கரின் சில்பர்நாகெலும் சகாக்களும் அக்கிலிஸ் வலியுள்ள 38 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மறுவாழ்வுப் பயிற்சி. ஒரு தரப்பு முதல் ஆறு வாரம் ஓட்டத்தையும் குதிப்பதையும் நிறுத்தியது. மற்றது ஒரு கட்டுப்பாட்டோடு தொடர்ந்தது. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டால் 5-ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடக் கூடாது என்பதே அந்தக் கட்டுப்பாடு. ஓராண்டு முடிவில் தொடர்ந்து ஓடியவர்கள் மற்றவர்களைவிட எதிலும் பின்தங்கவில்லை. ஆனால் இந்த விதி நாணுக்கானது. எலும்புக்கு இதை நீட்டவே கூடாது. எலும்பில் விரிசல் என்றால் அனுமதிக்கத்தக்க வலி பூஜ்ஜியம்தான். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலி, ஓட ஓடக் கூடும் வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, இடுப்பின் மடிப்பில் உள்ளே ஆழமாகத் தெரியும் வலி இவற்றில் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம்; எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். ஓடாத நாட்களில் எடை கூடிவிடுமோ என்று சாப்பாட்டைக் குறைப்பதும் தவறு. ஆறும் எலும்புக்குச் சத்து வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்கள் அதை எலும்பு தரும் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டத்துக்குத் திரும்பும் வழி கேட்க எளிமையானது. முதலில் வேகநடை: 30 முதல் 45 நிமிடம் வலியில்லாமல் நடக்க முடிய வேண்டும். அடுத்து, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 20, 25 முறை ஏற்றி இறக்க வேண்டும். நல்ல காலுக்கு ஈடாகக் காயம்பட்ட காலும் செய்ய வேண்டும். பிறகு சின்ன வயதில் ஆடியதுபோல அதே காலில் நொண்டியடித்துப் பார்க்க வேண்டும். இதில் எதிலும் வலி எழவில்லை என்றால் முதல் நாள் ஓட்டம்: ஒரு நிமிடம் மெல்லோட்டம், நாலு நிமிடம் நடை, இப்படி ஆறு சுற்று. மொத்தம் அரை மணி நேரத்தில் ஓடியது ஆறே நிமிடம். மறுநாள் ஓய்வு. இரண்டு மூன்று முறை இது சிக்கலின்றி முடிந்தால் இரண்டு நிமிட ஓட்டம், மூன்று நிமிட நடை. இப்படி நடை தேய்ந்து ஓட்டம் வளர வேண்டும். அரை மணி நேரம் நிற்காமல் ஓட முடிந்த பிறகு தூரத்தைக் கூட்டலாம். வேகமும் மேடும் எல்லாவற்றுக்கும் கடைசி. அடியைக் கொஞ்சம் குறுக்கி, நிமிடத்துக்கு விழும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலும் இடுப்பும் தாங்க வேண்டிய சுமை குறைகிறது என்பதும் அளந்து காட்டப்பட்ட ஒன்று.

பத்து சதவீதமும் ஒலிம்பிக் தங்கமும்

இத்தனை நிதானம் தேவை என்பதற்கே ஆதாரம் இல்லையே என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் கையில் ஒரு நல்ல ஆய்வும் இருக்கிறது. வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற பிரபலமான விதியை நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் சோதித்தார்கள். முடிவு 2008-ல் வெளியானது. புதிதாக ஓட வந்த 532 பேரில் ஒரு பாதியினர் அந்த விதிப்படி 13 வாரமும், மற்றவர்கள் வழக்கமான 8 வாரத் திட்டப்படியும் பயிற்சி செய்தார்கள். காயம்பட்டவர்கள் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், வித்தியாசமே இல்லை. இதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. 10 சதவீதம் என்பது இயற்கை விதி அல்ல. ஆனால் அந்த ஆய்வு ஒப்பிட்டது இரண்டு படிப்படியான திட்டங்களை; ஒரே தாவலில் பழைய தூரத்துக்குப் போனவர்களை அல்ல. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்து 2025-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத் துலக்குகிறது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக ஓடியவர்களுக்குக் காயம் அதிகரித்தது. இரண்டு மடங்குக்கு மேல் தாவியவர்களுக்கு ஆபத்தும் இரட்டிப்புக்கு மேல். வாரக் கணக்கின் ஏற்ற இறக்கத்தைவிட, அந்த ஒருநாள் பேராசைதான் வினையாகிறது. காயத்திலிருந்து வருகிறவரின் ‘கடந்த 30 நாள்’ ஏறக்குறைய காலியாக இருக்கும். பழைய 10 கிலோமீட்டர் அவருக்குப் பழக்கப்பட்ட தூரம் போலத் தெரியலாம். காலுக்கு அது பெரிய தாவல்.

இன்னொரு எதிர்வாதம் சாதனையாளர்களைக் காட்டும். ஜோன் பெனாய்ட் 1984 ஏப்ரலில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 17-வது நாள் அமெரிக்க ஒலிம்பிக் தகுதி மாரத்தானில் வென்றார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். மெய்சிலிர்க்க வைக்கும் வரலாறு. ஆனால் உள்ளே நடந்ததையும் பார்க்க வேண்டும். அவருக்குச் செய்தது நுண்துளை அறுவைச் சிகிச்சை. உரசிக்கொண்டிருந்த ஒரு திசுவை எடுத்துவிட்டார்கள். ஆற வேண்டிய எலும்பு விரிசலோ நாண் கிழிசலோ அங்கு இல்லை. ஆண்டுக்கணக்கான பயிற்சியில் கெட்டிப்பட்ட கால்கள் அவருடையவை. ஓட முடியாத நாட்களில் கையால் சுற்றும் மிதிவண்டியில் மூச்சைக் காத்தார். அப்படியிருந்தும் அந்த வேகத்துக்கு விலை இல்லாமலில்லை: வலது முழங்காலைக் காக்கப் போய் இடது தொடையின் பின்தசையில் அடிபட்டது. ஒலிம்பிக் வீராங்கனையின் உடம்புக்கே விதிவிலக்கு கிடைக்கவில்லை.

சென்னை ஓட்டக்காரர்களுக்கு இந்த வாதம் ஜனவரி மாரத்தானில் வந்து முட்டுகிறது. பல மாதம் முன்னதாகவே பணம் கட்டிப் பெயர் கொடுத்தாகிவிட்டது. அக்டோபரில் காலில் பிடிப்பு. எண்ணிக்கொண்டிருப்பது டிசம்பர் வாரங்களை. கட்டிய பணம் போனால் போகிறது. மறுபடி விரிசல் கண்ட எலும்பு அடுத்த வருடப் போட்டியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். சிமெண்ட் நடைபாதையைவிட மணல் மென்மை என்று மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கடலோரமாக ஓடித் திரும்பிவரப் பார்க்கிறவர்களும் உண்டு. உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைப்போல் ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் தேவை என்று அளந்திருக்கிறார்கள். குதிகால் புதையப் புதையக் கெண்டைத் தசையும் அக்கிலிஸும் கூடுதலாக உழைக்கின்றன. காயம் அங்கே என்றால் மணல் எதிரி. வெயிலுக்குப் பழகிய உடம்பும் சில வாரம் வீட்டுக்குள் இருந்தால் அந்தப் பழக்கத்தை இழந்துவிடும். திரும்பப் பெற 10 முதல் 14 நாள் ஆகும்.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடுகிறவர்களுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம், தனியாக பிசியோ வைத்துக்கொள்ள ஏது பணம் என்ற கேள்வி நியாயமானது. தீவிரக் காயத்துக்கு நிபுணர் கட்டாயம் வேண்டும். மற்றபடி இந்த முறைக்குத் தேவை ஒரு கைக்கடிகாரம், ஒரு படிக்கட்டு, ஒரு நோட்டு. நோட்டில் எழுத வேண்டியது இரண்டே வரி: நேற்று எத்தனை நிமிடம் ஓடினேன், இன்று காலை கால் எப்படி இருக்கிறது. இரண்டாவது வரிக்கான பதில் படுக்கையிலிருந்து குளியலறைக்கு வெறுங்காலில் வைக்கும் முதல் பத்து அடியில் கிடைத்துவிடும். குதிகால் விறைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தால் நேற்று ஓடியது அதிகம். அடுத்த முறை ஒரு படி கீழே இறங்க வேண்டும். வழக்கம்போல நடந்துபோய்ப் பல் துலக்க முடிந்தால், நாளை மேலும் ஒரு நிமிடம் ஓடலாம்.